உங்க காலத்துக்கு அப்புறம்

வக்கீல் வந்துகொண்டே இருக்கிறார், உட்காருங்கம்மா என்று குமாஸ்தா சொன்னதும் அம்சவேணிக்குச் சுள்ளென்று வந்தது. வந்துகொண்டே இருக்கிறார் என்றால் என்ன அர்த்தம், போன வாரமும் வந்துகொண்டேதான் இருந்தார், அதற்கு முந்தின வாரம் வந்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார், தில்லைநகரில் இந்த மாடிப்படியை ஏறி இறங்கியே முட்டியில் இருந்த எண்ணெய்ப் பசை வற்றிப்போயிற்று. லிஃப்ட் வைக்கத் துப்பில்லாத கட்டடத்தில் வயசானவர்களின் சொத்து விவகாரம் பார்க்கிற வக்கீல். சரி என்று உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் பூபாலன் ஏற்கெனவே உட்கார்ந்து, எதிரே கோணலாகக் கிடந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுந்து போய் அதை நேராக்குவான், அப்புறம் அடுத்ததை, அப்புறம் எல்லாவற்றையும். முப்பத்தி நாலு வயசுப் பிள்ளை, தாடையில் மயிர் முளைத்து நரைக்கவும் தொடங்கிவிட்டது, இன்னும் அம்மாவின் புடவைத் தலைப்பைச் சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தால் பார்க்கிறவர்கள் பார்க்கத்தானே செய்வார்கள். பார்க்கட்டும். பார்த்துவிட்டு இச்சென்று நாக்கைத் தட்டுவார்களே, அதுதான் பொறுக்காது. உறையூரிலிருந்து வந்த பஸ்ஸில் ஒருத்தி அதைத்தான் செய்தாள். செய்துவிட்டு, "உங்களுக்கு அப்புறம் யாரும்மா பாத்துக்குவா?" என்று வேறு கேட்டாள், பூ விலை கேட்கிற மாதிரி. நீ பாத்துக்கிறியா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இறங்கி இவ்வளவு தூரம் நடந்த பிறகுதான் அந்தப் பதில் வாயில் வந்து நிற்கிறது, எப்போதும் இப்படித்தான்.

அப்புறம், அப்புறம், அப்புறம். இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எத்தனை பேர் அவளை வதைத்தார்கள். ராஜாங்கம் உயிரோடு இருந்த காலத்தில் அது அவருடைய வார்த்தை. பூபாலனுக்கு ஏதாவது ஏற்பாடு செய்யணுங்க என்று சோறு போடும்போது சொன்னால், "அப்புறம் பாத்துக்கலாம் வேணி" என்பார், ரசத்தைக் கையில் வாங்கி உறிஞ்சுவார். அப்புறம் பார்க்க வேண்டியவர் ஒரு காலையில் ஷேவ் செய்துகொண்டிருக்கும்போதே பாதி முகத்தில் சோப்புடன் போய்ச் சேர்ந்தார். அந்த அப்புறம் இப்போது முழுசாக இவள் தலையில். அவரை நினைத்து அழுகை வந்த நாளெல்லாம் போய் இப்போது எரிச்சல்தான் வருகிறது, நல்ல மனுஷன்தான், ஆனால் நல்ல மனுஷர்களால் யாருக்கு என்ன பிரயோசனம். வக்கீல் ஜெயசீலனாவது அந்த வார்த்தையை மரியாதையாகச் சொல்லுவார், "உங்க காலத்துக்கு அப்புறம்" என்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே. காலம் என்றால் சாவு. சாவு என்றே சொல்லலாம், அவள் ஒன்றும் மயங்கி விழமாட்டாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் டிரங்க் கால் போட்டுக் கொடுத்தவள், அந்தக் காலத்தில் ஊரில் யார் செத்தாலும் வீட்டுக்காரர்களுக்கு முன்னால் அவளுக்குத்தான் தெரியும்.

பூபாலனுக்கான டிரஸ்டை மூன்று விதமாகச் செய்யலாம் என்று முதல் நாள் அவர் விரல் விட்டுச் சொன்னார். உயிலிலேயே எழுதிவைத்துவிடலாம், அவள் போன பிறகு டிரஸ்ட் தானாக உண்டாகும். செத்தால்தான் அதற்கு உயிர் வரும் என்று அவள் சிரித்தாள், அவர் சிரிக்கவில்லை. செத்தால் சரி, சாகாமல் பக்கவாதத்தில் வாய் கோணிப் படுத்துக் கிடந்தால்? அப்போது அது எழுந்து வராது. அதனால் அது வேண்டாம் என்று ஆயிற்று. அடுத்து, இப்போதே டிரஸ்ட் ஏற்படுத்தி, வீட்டையும் வாடகையையும் அதன் பேருக்கு மாற்றி, ஆனால் எப்போது வேண்டுமானாலும் திருத்தவும் ரத்து செய்யவும் உரிமையைக் கையில் வைத்துக்கொள்வது. மூன்றாவது, மாற்றவே முடியாதபடி எழுதிவிடுவது. எழுதிக் கையெழுத்துப் போட்ட நிமிஷத்திலிருந்து வீடு அவளுடையது இல்லை, பூபாலனுக்காக டிரஸ்டி வைத்திருப்பது. டிரஸ்டி என்றால் தர்மகர்த்தா என்று குமாஸ்தா பரந்தாமன் விளக்கினார். தர்மகர்த்தாக்களை அவள் பார்க்காததா, தெருக்கோடிக் கோயிலில் உற்சவம் வந்தால் பரிவட்டம் யாருக்கு என்று அடிபிடி. போனில் மாப்பிள்ளை, "அத்தை, டிரஸ்ட்டுன்னாலே நம்பிக்கைன்னுதான் அர்த்தம்" என்றார். நம்பிக்கை இருந்தால் எதற்கப்பா டிரஸ்ட், யாரையும் நம்ப முடியாமல்தானே முத்திரைத்தாளைத் தேடிக்கொண்டு மாடி ஏறுகிறார்கள்.

மாற்ற முடியாததுதான் சரி என்று நேற்று ராத்திரி படுக்கும்போது முடிவு செய்தாள். பெரியக்கா சரஸ்வதிக்கு நடந்தது கண் முன்னால் இருக்கிறது. கடைசியில் நினைவு தப்பிப்போய், பென்ஷன் காகிதம் என்று நினைத்துக்கொண்டு, ரெண்டாவது மகன் நீட்டின இடத்தில் கைநாட்டு வைத்தாள், எம்.ஏ. படித்தவள் கைநாட்டு, ஒரு சிரிப்பு வேறு சிரித்தாளாம். அந்த ரத்தம்தானே இவளுக்கும் ஓடுகிறது. போன மாதம் பால் பாக்கெட்டை ஃபிரிஜ்ஜில் வைப்பதற்குப் பதிலாகப் புடவை பீரோவில் வைத்துவிட்டு வீடு முழுக்கப் பாலைத் தேடினாள். பூபாலன்தான் கண்டுபிடித்தான், கண்டுபிடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், "பாலு பொடவை கட்டிக்கிச்சு" என்று. அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இன்று என்ன கிழமை, முதலமைச்சர் யார், பன்னிரண்டாம் வாய்ப்பாடு எல்லாவற்றையும் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அதனால் மாற்ற முடியாதது. நாளைக்குப் புத்தி மழுங்கினாலும் யாரும் தேன் தடவிப் பேசி மாற்ற வைக்க முடியாது. ஆனால் காலையில் பல் தேய்க்கும்போதே எல்லாம் தலைகீழாயிற்று. டிரஸ்டியே சரியில்லாமல் போனால்? தனக்கே ஒரு பெரிய வைத்தியம் வந்து வீட்டை விற்க வேண்டியிருந்தால்? தான் கட்டின வீட்டில், ஜன்னல் கம்பிக்குப் பச்சை வேண்டாம் பழுப்பு அடி என்று பெயிண்டரோடு சண்டை போட்ட வீட்டில், இன்னொருத்தர் தயவில் இருப்பதா? அப்படியென்றால் மாற்றக்கூடியது. மாற்றக்கூடியதென்றால் சரஸ்வதி அக்கா. செக்கு மாடு மாதிரி மறுபடி அங்கேயே வந்து நின்றது. எத்தனை நாளாக இந்தச் சுற்று, ஒரு குக்கர் வாங்கப் போனாலும் இப்படித்தான் மூடி உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்று நின்றாள், ஆனால் குக்கரைத் திருப்பிக் கொடுக்கலாம்.

பூபாலன் எழுந்துவிட்டான். கோணல் நாற்காலியை நேராக்கினான், இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தான், மறுபடி ஒரு விரலால் தள்ளினான். எதிரே காத்திருந்த வெள்ளை வேட்டிக்காரர் எழுந்து நின்று தன் நாற்காலியையும் அவனுக்குக் கொடுத்தார். "டேய், உக்காருடா" என்றாள், "இரும்மா, கோணையா இருக்கு" என்றான். அவன் சொல்வதும் சரிதான், இங்கே எல்லாமே கோணலாகத்தான் இருக்கிறது. போன தடவை கொடுத்த வரைவில், பயனாளியின் உணவு, உடை, மருத்துவம் மற்றும் பராமரிப்பு என்று ஒரு வரி இருந்தது. பராமரிப்பு. அவ்வளவுதான், ஒரு வார்த்தை, அதற்குள் எல்லாம் அடக்கமாம். அவனுக்குத் தண்ணீர் சுட்டால் சுடுகிறது என்று சொல்லத் தெரியாது, அப்படியே நிற்பான், முதுகு சிவந்து போகிறவரைக்கும் நிற்பான், ஊற்றுகிறவர்தான் கையை விட்டுப் பார்க்க வேண்டும். இது பராமரிப்பில் வருமா? தயிர்சாதத்தில் ஊறுகாய் ஒட்டக்கூடாது, தனியாக ஒரு மூடியில் வைக்க வேண்டும், ஒட்டினால் தட்டையே தள்ளிவிடுவான், திமிர் என்று நினைத்துவிடுவார்கள். ஜுரம் வந்தால் பேச்சு அதிகமாகும், பேச்சு குறைந்தால் வயிற்றுவலி. பயிற்சி மையத்தில் காகித உறை ஒட்டிக் கொண்டுவருவானே, அதைப் பிரித்துப் பார்த்து, ஓரத்தில் விரலை ஓட்டி, நல்லா ஒட்டியிருக்கு என்று சொல்ல வேண்டும், சும்மா பார்க்காமல் சொன்னால் தெரிந்துகொள்வான். எந்த ஷரத்தில் இதைச் சேர்ப்பது? வக்கீலிடம் சொன்னால், "உணர்வுபூர்வமான விஷயமெல்லாம் பத்திரத்துல வராதும்மா" என்பார். உணர்வு என்ன உணர்வு, முதுகுத் தோலய்யா அது.

யார் கையை விட்டுப் பார்ப்பார்கள், அதுதான் கேள்வி, டிரஸ்டி என்றால் அவ்வளவுதான். வரைவில் எழுதியிருந்த பேர் தட்சிணாமூர்த்தி, ராஜாங்கத்தின் தம்பி. அவளாகக் கேட்கவில்லை. அவராகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார், ஹாலில் உட்கார்ந்தார், "நான் இருக்கேன்ல அண்ணி" என்றார், காபியைக் குடித்தார், மேலே குடியிருப்பவர்கள் வாடகை ஒழுங்காகத் தருகிறார்களா என்று கேட்டார், கொல்லைப்பக்கச் சுவரைத் தட்டிப் பார்த்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. அதுதான் தொல்லை, கெட்டவராக இருந்தால் ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். உள்ளூரில் இருக்கிறார், ஆம்பிளை, விவகாரம் தெரிந்தவர் என்று சொந்தத்தில் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். இவளும் ஆட்டினாள். ஆட்டிவிட்டு அன்றிலிருந்து அவர் சுவரைத் தட்டின சத்தமே காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது. பித்தப்பை ஆபரேஷனுக்கு அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பூபாலன் அவர் வீட்டில்தான் இருந்தான். திரும்பி வந்தபோது மொட்டை. திருப்பதிக்கும் போகவில்லை, சமயபுரத்துக்கும் போகவில்லை, சும்மா மொட்டை. "தலை வாரிவிடறது, எண்ணெய் வைக்கறது, யாரு செய்யறது அண்ணி, வெயில் காலம் வேற, சௌகரியமா இருக்கட்டும்னுதான்" என்றார், நிஜமாகவே நல்லது செய்த முகத்தோடு. கண்ணாடி முன்னால் நின்று ஸ்டைலாக வகிடெடுத்துக்கொள்வது ஒன்றுதான் அவன் தானாகக் கற்றுக்கொண்ட வித்தை. சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றான், முடி வளர்கிறவரைக்கும் அந்தப் பக்கமே திரும்பவில்லை. சௌகரியம். யாருக்கு? அந்தக் கேள்வியை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும், தையல் பிரிக்காத வயிற்றோடு, "பரவாயில்ல தம்பி" என்றுதான் சொன்னாள். அவர் பேரையே எழுதவும் சொன்னாள். என்ன புத்தி இது, பால் பாக்கெட்டைப் பீரோவில் வைத்த அதே புத்தி.

கைப்பையில் போன் அடித்தது, சுகந்தி. பெங்களூரிலிருந்து மகள், இந்த நேரத்தில் ஆபீஸில் அல்லவா இருப்பாள். சுகந்தி பேரை இவள் வேண்டுமென்றேதான் போடவில்லை. ஐந்து வயசில் தம்பி பிறந்த நாளிலிருந்து அந்தப் பெண்ணுக்குக் குழந்தைப் பருவம் என்று ஒன்று இருந்ததா, அம்மாவுக்கு நைட் டியூட்டி என்றால் அவள்தான் அவனுக்கு ஊட்டுவாள், பத்தாவதில் ஊட்டிக்குச் சுற்றுலா போக வேண்டும் என்று பேர் கொடுத்துவிட்டுக் கடைசி நாளில் தம்பிக்கு ஜுரம் என்று நின்றுபோனாள், அழக்கூட இல்லை. போதும், அவளை விட்டுவிட வேண்டும் என்று நினைத்தாள். அதோடு மாப்பிள்ளை ஒரு தடவை, ஒசூர் பக்கம் நல்ல ஹோம் ஒன்று இருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னாரே, சொல்லும்போது சுகந்தி தட்டைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தாளே, அந்தப் பேசாமல் இருந்ததை இவள் எத்தனை இரவு எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறாள். போனை எடுத்தாள். "அம்மா, வக்கீல் ஆபீஸ்லேருந்து டிராஃப்ட் எனக்கும் அனுப்பியிருக்காங்க" என்றாள் சுகந்தி, குரலில் ஒரு சூடு. "டிரஸ்டின்னு சித்தப்பா பேரு இருக்கு. என் பேரு எங்க?" உனக்கு எதுக்குடி பாரம் என்று இவள் ஆரம்பித்தாள். "பாரம்னு நான் எப்ப சொன்னேன்?" வேணும்னும் நீ சொல்லலையே. "நீ கேட்டியாம்மா?" என்றாள் சுகந்தி. "ஒரே ஒரு தடவை, சுகந்தி நீ பாத்துக்கிறியான்னு என்னைக் கேட்டியா? ஊரெல்லாம் கேட்டிருக்க. பரந்தாமன் சாரைக்கூடக் கேட்டிருக்க."

லைன்ல இருங்க, லைன்ல இருங்க என்று வாழ்க்கை முழுக்க மற்றவர்களை நிறுத்தி வைத்த அம்சவேணி இப்போது தானே லைனில் நின்றாள், அந்தப் பக்கம் மகளின் மூச்சு மட்டும் கேட்டது. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ. அது ஒன்றுதான் காரணம். விட்டுவிட வேண்டும் என்பதும், பாவம் என்பதும், ஊட்டியும், எல்லாம் அதற்கு மேலே போர்த்தின போர்வை. பெற்ற மகள் வாயால் வேண்டாம் என்ற சொல்லைக் கேட்டுவிட்டு அந்த வீட்டில் எப்படித் தூங்குவது, கேட்காமல் இருந்தால் ஒருவேளை என்ற ஒன்றாவது மிச்சம் இருக்குமே. "கேட்டா நீ வேண்டாம்னுட்டா?" என்றாள், வெள்ளை வேட்டிக்காரர் காதில் விழாதபடி முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு. "அவன் என் வீட்லதான் இருப்பான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்மா" என்றாள் சுகந்தி. "என்கூட இருப்பானா, அந்த ஹோம்ல இருப்பானா, உறையூர்லயே ஆள் போட்டுப் பாத்துக்கறதா, எனக்கு இப்ப தெரியாது. அன்னிக்கு அவர் ஹோம் பேச்சு எடுத்தப்பக்கூடத் தெரியாமத்தான் சும்மா இருந்தேன். ஆனா அந்த முடிவை எடுக்கறது நானா இருக்கணும். அவனை மொட்டை அடிச்சவர் இல்ல." அதற்கப்புறம் குரல் கொஞ்சம் இறங்கி, "சனிக்கிழமை வரேன். கையெழுத்து வேணும்னா போடறேன். அதுவரைக்கும் எதையும் முடிக்காத" என்று வைத்துவிட்டாள். என்ன அதிகாரம். எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசர் அம்மாள்கூட இவளிடம் இப்படிப் பேசினதில்லை. கோபம் வந்தது, நன்றாகவே வந்தது, ஆனால் காதில் கேட்டுக்கொண்டிருந்த அந்தச் சுவர் தட்டுகிற சத்தம் நின்றுபோயிருந்தது.

வக்கீல் ஒரு வழியாக வந்தார், வேர்த்து வழிந்துகொண்டு, கறுப்புக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு. நாற்காலிகள் எல்லாம் அணிவகுத்து நிற்பதைப் பார்த்து ஒரு நிமிஷம் வேறு ஆபீஸுக்கு வந்துவிட்டோமோ என்பது போல நின்றார். உள்ளே கூப்பிட்டார். "தட்சிணாமூர்த்தி பேரை எடுத்துடுங்க, மகள் பேரைப் போடுங்க" என்று உட்காரும்போதே சொன்னாள், நின்றால் மறுபடி ஆட ஆரம்பித்துவிடுவோம் என்ற பயம். அவர் எழுதிக்கொண்டார், ஏன் என்று கேட்கவில்லை, அதற்காகவே அவர் மேல் ஒரு மரியாதை வந்தது. "மாத்தக்கூடியதா, மாத்த முடியாததாம்மா?" என்றார். அதான் தெரியல சார் என்று அவள் சரஸ்வதி அக்காவில் ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினாள், பாலைக்கூட விடவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க காலம் வரைக்கும் மாத்தக்கூடியது. உங்க காலத்துக்கு அப்புறம் அது தானாவே மாத்த முடியாததா ஆயிடும், மாத்தற உரிமை உங்களோட போயிடுதுல்ல. நடுவுல நினைவு தப்பிடுச்சுன்னு டாக்டர் ரெண்டு பேர் எழுதிக் குடுத்தா, அன்னிக்கே அந்த உரிமை நின்னுடும்னு ஒரு ஷரத்து. யாரும் உங்க கையைப் புடிச்சு நாட்டு வாங்க முடியாது." அவ்வளவுதானா? "அவ்வளவுதான்." இதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா என்று அவள் கிட்டத்தட்டக் கத்தினாள். "சொன்னேனேம்மா. ரெண்டு தடவை சொன்னேன். நீங்க குக்கர் கதை சொன்னீங்க." பூபாலன் சிரித்தான், எதற்கென்று தெரியாமலே, வக்கீலும் சிரித்தார், இவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, இத்தனை நாள் தூக்கத்தை யார் திருப்பித் தருவது. "மகளுக்கு அப்புறம் யாருன்னு போடறது?" என்றார் அடுத்தபடியாக. மறுபடியும் அந்த வார்த்தை. வாயைத் திறந்தாள், பேத்தி, மாப்பிள்ளை, பயிற்சி மையம், யார் யாரோ வரிசையில் வந்து நின்றார்கள், அவளுக்குத் திடீரென்று ரொம்பக் களைப்பாக இருந்தது. "அதை அவ பாத்துக்குவா சார்" என்றாள். "அவளுக்கு அப்புறம் யாருன்னு அவளே சொல்லட்டும். நான் என் அப்புறத்தை மட்டும் பாத்துட்டுப் போறேன்."

வரைவைத் திருத்தி எடுத்துக்கொண்டு பரந்தாமன் உள்ளே வந்தார், பேனாவால் இடம் காட்டினார், சனிக்கிழமை இங்கே நீங்கள், இங்கே உங்கள் மகள், இங்கே சாட்சிகள். பூபாலன் நாற்காலியை இழுத்துக்கொண்டு மேஜைக்கு வந்தான். "நான் எங்க?" என்றான். உனக்கு இல்லடா, நீ போட வேண்டாம் என்றாள். "இது எனக்குத்தானே? அக்கா போடுது, நீ போடற, நான்?" என்றான், குரல் ஏறியது. பயனாளி கையெழுத்து சட்டப்படி தேவையில்லை என்று வக்கீல் பொதுவாகச் சொன்னார். அவள் தலையை ஆட்டப்போனாள். ஆட்டி ஆட்டியே பழகின தலை. "தேவையில்லன்னா, போட்டா தப்பா சார்?" என்றாள். அவர் யோசித்தார். "தப்பில்ல. தெரிஞ்சுகிட்டேன்னு கடைசியில ஒரு வரி சேர்த்துக்கலாம். போடுவாரா?" போடுவாராவா. வரைவின் கடைசித் தாளைத் திருப்பி வெள்ளையாக இருந்த பக்கத்தை அவன் முன்னால் வைத்தாள், சனிக்கிழமைக்குப் பழகட்டும். அவன் பேனாவை வாங்கி, மூடியைக் கழற்றி, அந்த மூடியை மேஜை விளிம்புக்கு நேராக வைத்தான், நாக்கைக் கடித்துக்கொண்டு தொடங்கினான். பூ வந்தது, பெரிய பூ, பாதித் தாளை அதுவே எடுத்துக்கொண்டது. பா வந்தது. துணைக்காலுக்கும் ல-வுக்கும் நடுவில் யோசித்துக்கொண்டு நின்றான். வெளியே வெள்ளை வேட்டிக்காரர் இருமினார், பரந்தாமன் கடிகாரத்தைப் பார்த்தார், சீக்கிரம்டா என்று அவள் வாய்வரை வந்துவிட்டது, விழுங்கினாள். ல வந்தது, இடம் போதாமல் கீழே இறங்கி ன வந்தது. புள்ளி வைக்க வேண்டும். பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனாகவே வைத்தான், அத்தனை பலத்தையும் கொடுத்து அழுத்தி, தாள் பொத்துக்கொண்டு மேஜை விரிப்பில் மை ஊறியது. ஐயோ என்றார் பரந்தாமன். "சார், இன்னொரு தாள் குடுங்க" என்றாள் அம்சவேணி.